கரைக்குத் திரும்பியவன்

மகாவலி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கம் போய்க் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. மற்றது வெருகல் ஆறு என்று பெயர் மாற்றிக்கொண்டு திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி ஊர்களை நனைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. ஆற்றைத் தாண்டினால் கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டம். பாலம் வரும்வரை பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் ஆட்களும் மிதவைப் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. செல்வச்சந்நிதியில் புறப்பட்டுக் கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் இங்கே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் போகிறார்கள். ஊர் முருகனுடையது, வேதக்காரர் இங்கே சொற்பம். இருந்தாலும், புரியாமலே கடவுளுக்குப் பணிவது என்ற விடயத்தை யோசிக்க உட்காரும்போதெல்லாம் ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன மோரியா மலையைவிட இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கு இடைப்பட்ட நிலம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

வடக்கு முகத்துவாரத்தின் கதை 1660 ஏப்ரலில் நடந்தது. ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக்குடாவில் நங்கூரமிட்டு நின்றது. முந்தைய நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் அதன் பெரிய பாய்மரம் முறிந்துபோனது. புது மரம் வெட்டிப் பொருத்தவும் அப்படியே கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் வந்தார்கள். தலைவர் ராபர்ட் நொக்ஸ். கூடவே அவருடைய மகன். அதே பெயர், வயது 19. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை படையோடு வந்து இறங்கி, உபசார வார்த்தை பேசி, தகப்பனையும் மகனையும் இன்னும் சிலரையும் கரையில் வைத்தே மடக்கிப் பிடித்துக்கொண்டார். தகப்பனைப் பிடித்தது ஒரு புளியமரத்தடியில். மூதூரில் அந்த இடத்தில் 1893-இல் ஒரு கல் நட்டு வைத்தார்கள். வெள்ளைக்காரன் மரம் என்று அதற்குப் பெயர்.

ஆட்களைப் பிடித்தது திசாவைக்குப் போதவில்லை, கப்பலும் வேண்டியிருந்தது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி உத்தரவு அனுப்பு என்று நெருக்கினார். மகனை அனுப்பினால்தான் என் ஆட்கள் நம்புவார்கள் என்று தகப்பன் சொல்லிச் சமாளித்தார். மகனிடம் சொல்லியனுப்பியது வேறு. பீரங்கிகளில் குண்டு போட்டுத் தயாராக வைக்கட்டும், இருட்டியபிறகு எந்த வள்ளத்தையும் கிட்ட அண்டவிடவேண்டாம். இது மாலுமிகளுக்கு. மகனுக்கென்று தனியாக ஒன்று சொன்னார்: என் ஆசீர்வாதம் உனக்கு வேண்டுமானால், கடைசி நாளில் கடவுளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவன் நீ என்பதை நினைத்து, என்னை இப்படி விட்டுவிட்டுப் போகாமல் திரும்பி வா. மகன் சத்தியம் செய்து கொடுத்தான்.

முதற்கட்டளையை யாரும் விளங்கிக்கொள்ளலாம். கப்பலையும் அதில் இருக்கிறவர்களையும் காப்பாற்றுவதற்கானது அது. இரண்டாவதுதான் விளங்காதது. அவன் திரும்பி வருவதால் தகப்பன் விடுதலையாகப் போவதில்லை. திரும்பாவிட்டால் ஒருவராவது தப்புவார். பத்தொன்பது வயதுப் பையன் தன் கப்பலின் தளத்தில் நிற்கிறான், காலடியில் மரப்பலகை, சுற்றிலும் தன் மொழி பேசுகிற ஆட்கள், எதிரே திறந்த கடல். கரையிலே புளியமரமும் ஒரு கிழவரும். அவன் செய்தியைச் சொன்னான். தலைவர் நேரில் வராமல் கப்பலைக் கொண்டுவரமாட்டோம் என்று மாலுமிகளின் பெயரில் ஒரு கடிதம் எழுதி வாங்கினான். வள்ளத்தில் இறங்கிக் கரைக்குத் திரும்பினான்.

அந்தத் திரும்புதலின் விலை பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல். கப்பல் போய்விட்டது. பிடிபட்டவர்களை மலைநாட்டுக்குக் கொண்டுபோய் ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைத்தார்கள். தகப்பனும் மகனும் மட்டும் ஒரே இடத்தில் இருந்தார்கள். இருவரையும் குளிர்காய்ச்சல் பிடித்தது. படுக்கையில் கிடந்து தகப்பன் புலம்பியதை மகன் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறான்: உன்னைக் கரைக்குத் திரும்பி வரச்சொல்லி நான் என்ன காரியம் செய்துவிட்டேன், உன் கீழ்ப்படிதல்தானே உன்னைச் சிறைப்படுத்தியது என்ற பொருளில். 1661 பெப்ரவரியில் அவர் செத்துப்போனார். உடலைத் தூக்க ஆள் கேட்டால், மாடு கட்டுகிற கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்களாம், கழுத்தில் போட்டு இழுத்துக் காட்டில் விட. மகன் கூலிக்கு ஆள் பிடித்துத் துணியில் சுற்றி, தானும் சேர்ந்து சுமந்து அடக்கினான்.

1679-இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடி, 1681-இல் லண்டனில் நூல் வெளியிட்ட நொக்ஸை நாம் சரித்திரக்காரனாகத்தான் படிக்கிறோம். கண்டி இராச்சியத்தின் வயல், வரி, சாதி, தண்டனை என்று அவன் எழுதியதெல்லாம் ஆராய்ச்சிக்காரருக்குச் சுரங்கம். நான் அதில் தேடிப் படிப்பது தகப்பனின் அந்தப் புலம்பலை. ஏனென்றால் கடவுளின் பெயரால் கட்டளையிட்ட ஒருவர், கட்டளை நிறைவேறிய பிறகு, தான் கேட்டது தகுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஆபிரகாமிடமிருந்து நமக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஞாயிறு மறைக்கல்வியில் நாங்கள் படித்த ஆபிரகாம் கதை ஆட்டுக்கடாவோடு முடிந்துவிடும். புதருக்குள் கொம்பு மாட்டிய ஆட்டைச் சிவப்புக் கலரிலோ மண்ணிறத்திலோ தீட்டச் சொல்வார்கள், வகுப்பும் முடிந்துவிடும். ஆனால் தொடக்கநூலின் 22-ஆம் அதிகாரத்தைக் கடைசி வரிவரை படித்தால் உறுத்துகிறது. மலையேறும்போது, இருவரும் ஒன்றாய்ப் போனார்கள் என்று ஆசிரியர் இரண்டு தரம் சொல்கிறார். இறங்கும்போது ஆபிரகாம் தன் வேலைக்காரரிடம் திரும்பினார் என்றுமட்டும் இருக்கிறது. பையனின் பெயர் இல்லை. அதன்பிறகு தகப்பனும் மகனும் ஒருவரோடொருவர் பேசியதாக அந்த நூலில் ஓரிடமும் கிடையாது. அடுத்த அதிகாரம் சாராவின் சாவோடு தொடங்குகிறது. செய்தி காதில் விழுந்து அதிர்ச்சியில்தான் அவள் செத்தாள் என்று யூத உரைகாரர் சிலர் விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது விளக்கமாகவே படவில்லை. தாய் என்றால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான் அது.

இந்தக் கதையை ஏதோ பாலைவனத்துக்காரர் கதை என்று தமிழர் தள்ளிவைக்கவும் முடியாது. சிறுத்தொண்டர் நம்முடையவர். வாதாபிப் படையெடுப்பில் வென்ற சேனாபதி, சிவனடியார் கேட்டார் என்பதற்காகப் பெற்ற பிள்ளை சீராளனை அரிந்து கறி சமைத்தவர். அங்கே கத்தியைத் தடுக்க வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. பிள்ளை இலையில் விழுந்த பிறகுதான் திரும்பிக் கிடைத்தான். அந்தக் கதையில் தாய்க்கும் எல்லாம் தெரியும், அவளும் கூடநின்று பிடித்துக்கொள்கிறாள். சேக்கிழாரை வாசித்துக் கண்ணீர் விட்டவர்களை நான் மதிக்கிறேன். எனக்கு அந்த இடத்தில் வருவது கண்ணீரில்லை, வயிற்றுப் பிரட்டல். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கிற முஸ்லிம்களின் வேதத்தில் இதே கதை இன்னொரு விதமாக இருக்கிறது. தகப்பன் தான் கண்ட கனவை மகனிடம் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். மகன் சம்மதம் சொல்கிறான். மூன்றில், பலியாகப் போகிறவனிடம் வாய்விட்டுக் கேட்பது இங்கே மட்டும்தான்.

மேற்கில் இதைப் பற்றி இரண்டு பேர் கடுமையாக எழுதினார்கள். காண்ட் 1798-இல், ஆபிரகாம் அந்தக் குரலுக்கு மறுமொழி சொல்லியிருக்கவேண்டும் என்றார். என் பிள்ளையைக் கொல்லக்கூடாது என்பது எனக்கு நிச்சயம், பேசுவது கடவுள்தான் என்பது நிச்சயமில்லை என்று. கீர்க்ககார் 1843-இல், வேறு பெயரில் ஒளிந்துகொண்டு, அப்படிச் சொல்லிவிட்டால் விசுவாசத்துக்கு வேலையே இல்லை என்று வாதாடினார். விசுவாசி தன் காரணத்தை யாருக்கும் எடுத்துச் சொல்லமுடியாத தனிமையில் நிற்கிறான், அந்த நடுக்கம்தான் அவனுடைய அடையாளம் என்றார். கல்லூரியில் நான் கீர்க்ககார் பக்கம். இளவயதில் யாருமே அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். அவ்வளவு அழகாக எழுதுகிற மனிதர். கோப்பன்ஹேகனில் ஒரு பிரமச்சாரி தன் அறையில் உட்கார்ந்து பிள்ளைப்பலியை யோசிப்பதற்கும் மட்டக்களப்பில் பிள்ளை பெற்றவர்கள் அதை யோசிப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு அப்போது எட்டவில்லை.

தெற்கு முகத்துவாரத்துக்கு வருகிறேன். 2001-இலிருந்து மட்டக்களப்புப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று விடுதலைப் புலிகள் இயக்கம் கேட்கத் தொடங்கியிருந்தது. கூட்டம் வைத்துக் கேட்டார்கள், கடிதம் கொடுத்துக் கேட்டார்கள், கொடுக்காத வீட்டில் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். மனித உரிமை அமைப்புகள் சாட்சியங்களோடு எழுதிவைத்த விடயம் இது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை அக்காமார் கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள், வீடுகளில் இளையதை ஒளித்தார்கள், மூத்ததுக்கு அவசரக் கலியாணம் செய்துவைத்தார்கள். 2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று வன்னியிலிருந்து வந்த படையணி வெருகல் ஆற்றைத் தாண்டியது. ஆற்றின் இருபக்கமும் தமிழ்ப் பிள்ளைகள். எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவனைச் சுடு என்று இரண்டு பக்கத்துக்கும் கட்டளை இருந்தது. போன மாதம்வரை அவன் தன் ஆள் என்பதும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். சில நாளில் கருணா தன் அணியைக் கலைத்துவிட, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வந்தார்கள். கொஞ்சக் காலத்தில் இயக்கத்தார் அவர்களைத் திரும்பவும் தேடி வந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது. தெரியவேண்டியதில்லை என்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. இயக்கம் கடவுளின் பெயரைச் சொல்லவில்லைதான். கேட்கப்படாமல் நிறைவேற்ற வேண்டிய கட்டளை, உயிரைவிடப் பெரிய ஒரு நோக்கம், கழுத்தில் நஞ்சுக் குப்பி, வருடத்துக்கு ஒரு நாள் விளக்கேற்றல்: வேதத்துக்கு உரிய சாமான் எல்லாம் அங்கே இருந்தது. கீழ்ப்படிதல் என்பதை எந்த நிபந்தனையும் இல்லாத புண்ணியமாக மறைக்கல்வி வகுப்பிலும் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஊட்டி வளர்த்த சமூகம் நாங்கள். எங்கள் பிள்ளைகள் அதை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கு அது ஆயத்தமாகக் கிடைத்தது.

அதே பெரிய வெள்ளியன்று திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் வழிபாடு நடந்தது. அன்றைக்கு மணி அடிப்பதில்லை. மரக்கட்டையைத் தட்டுவார்கள், டக் டக் என்று வறண்ட சத்தம். பீடம் துணி இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும். சுவாமி சிவப்பு உடுப்போடு வந்து, ஒரு சொல்லும் பேசாமல், முகங்குப்புறத் தரையில் விழுந்து கிடப்பார். வருடம் முழுக்க நின்று கட்டளை சொல்கிறவர் தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்க்கச் சின்ன வயதில் பயமாக இருக்கும். பிறகு பாடுகளின் வரலாறு, யோவான் எழுதியபடி. அன்று வாசிக்கப்படாத ஒரு காட்சி மற்ற மூன்று நற்செய்திகளிலும் இருக்கிறது. இரவு, ஒலிவ மரங்களுக்கு நடுவே இயேசு விழுந்து கெஞ்சுகிறார். இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்கிறார். மத்தேயுவும் மாற்கும் சொல்கிறபடி, ஒருதரம் கேட்டு விடவில்லை. எழும்பிப் போய்ச் சீடரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் கேட்கிறார். பதில் வந்ததாக அவர்கள் எழுதவில்லை. அதன்பிறகுதான் எழுந்து போகிறார்.

கிறிஸ்தவக் கீழ்ப்படிதலுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் மோரியா மலையைவிட இந்தத் தோட்டம்தான் முதலில் வரவேண்டும் என்று நினைக்கிறேன். ஆபிரகாம் சோதோமுக்காகக் கடவுளோடு பேரம் பேசினவர், ஐம்பதிலிருந்து பத்துவரை குறைத்தவர். தன் பிள்ளை விடயத்தில் வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் இருந்தவர் வாய் திறந்தார். மறுத்துப் பார்த்தார், மன்றாடினார், புரியவில்லை என்பதை ஒளிக்கவில்லை. போனபோது கொண்டுபோனது தன்னுடைய உடம்பை மட்டும். தன்னைப் பிடிக்க வந்தவர்களிடம், சீடர்களைக் காட்டி, இவர்களைப் போகவிடுங்கள் என்று சொன்னதாக யோவான் எழுதுகிறார்.

புரியாமல் பணிவதைப் பற்றி யார் பேசினாலும் நான் பார்ப்பது இந்த இரண்டையும்தான்: பணிகிறவனுக்குக் கேட்க இடமிருந்ததா, விலையை யார் கட்டினார்கள்.

மட்டக்களப்பு இதற்கு நல்ல உதாரணம் ஒன்றை வைத்திருக்கிறது. வில்லியம் ஓல்ட். மெதடிஸ்த மிஷனரி. 1813 கடைசியில் தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சிறு குழுவில் ஒருவர். வரும் வழியில் கப்பலிலேயே மனைவி செத்தார். 1814 மே மாதம் இந்து சமுத்திரத்தில் வைத்துக் கோக்கும் செத்துப்போனார், கரையைக் கண்ணால் காணாமலே. பணம், கடிதம், திட்டம் எல்லாம் தலைவர் கையில் இருந்தன. மிச்சப் பேர் காலியில் இறங்கி, யார் எந்த ஊர் என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். ஓல்டுக்கு மட்டக்களப்பு. தனியாக வந்து இறங்கினார். தமிழ் தெரியாது, துணை கிடையாது. பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1-இல் செத்தார். ஒன்பது மாதம்கூட இல்லை. அவர் தொடங்கியதன் தொடர்ச்சிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அந்த மனிதரைக் கடவுள் ஏன் இவ்வளவு தூரம் கூட்டிவந்து இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொண்டார் என்பதற்கு, பள்ளிக்கூடம் நிலைத்தது பார், அதற்காகத்தான் என்று இருநூறு வருடம் கழித்து நாம் பதில் சொல்லிவிடுகிறோம். சுகமான பதில். சாகக் கிடந்த ஓல்டின் கையில் அந்தப் பதில் இல்லை.

இன்னொருவர் யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட். 1923-இல் லூசியானாவில் ஜென்னிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசுசபையினர் திருகோணமலை மறைமாவட்டத்துக்கு வந்து உழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவராகத்தான் கிழக்கில் அவரைப் பலருக்கும் ஞாபகம். 1990 ஓகஸ்ட். காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்று இரண்டு கிழமை ஆகவில்லை. ஏறாவூரில் முஸ்லிம்களை வெட்டினார்கள்; பதிலுக்குத் தமிழர்களை வெட்டினார்கள். ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பியவரும் அவரோடு வந்த தமிழ் இளைஞரும் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற்போனார்கள். உடல்கள் கிடைக்கவேயில்லை.

யேசுசபையினரைக் குருட்டுக் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாகக் காட்டுவது உலக வழக்கம். இஞ்ஞாசியார் 1553-இல் போர்த்துக்கல் சகோதரருக்கு எழுதிய கடிதம்தான் அதற்கு மூலம். மேலாளர் சொன்னால் மனதையும் புத்தியையும்கூட அவர் பக்கம் சாய்த்துவிடு என்கிறார் அதில். பாலைவனத் துறவி ஒருவர் மூப்பர் சொன்னார் என்பதற்காகக் காய்ந்த கம்புக்கு ஒரு வருடம் தண்ணீர் ஊற்றிய பழங்கதையையும் எடுத்துக் காட்டுகிறார். படிக்க மூச்சு முட்டும். ஆனால் அதே கடிதத்தில், உனக்கு வேறுவிதமாகத் தோன்றினால், செபம் செய்துவிட்டு, போய் மேலாளரிடம் அதைச் சொல் என்றும் இருக்கிறது. பிரசங்கங்களில் கம்புக் கதை வரும், இது வராது. ஹேபர்டைப் பற்றி நான் கவனிப்பது இன்னும் எளியது. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த 66 வயது மனிதர். போய்விட்டிருக்கலாம், யாரும் ஒரு சொல் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கிழவர் கரையிலே நின்றார்.

கூட வந்த இளைஞரைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அவரிடம் அந்தக் கடவுச்சீட்டு இல்லை. அவருடைய வீட்டாருக்கும் ஓர் உடலும் கிடைக்கவில்லை. நாம் உயர்த்திப் பிடிக்கிற எந்தக் கீழ்ப்படிதலின் பக்கத்திலும் இப்படி இன்னொருவர் இருக்கிறார். நொக்ஸின் வாழ்க்கையிலும் பிற்பகுதியில் அப்படிப் பலர் இருந்தார்கள். தப்பிப் போனவன் மறுபடியும் கம்பனிக் கப்பலுக்குத் தலைவனானான். சென்ட் ஹெலினாவுக்கு அடிமைகள் வேண்டும், மடகஸ்கார் போய் வாங்கி வா என்று கம்பனி உத்தரவிட்டது. போனான். காய்ச்சலோடு தகப்பனைப் புதைத்தவன். மலைநாட்டில் ஒரு நாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவன் ஆங்கில வேதப் புத்தகம் விற்கிறான் என்று கேள்விப்பட்டுத் தூண்டிலை எறிந்துவிட்டு எழுந்தவன். கையால் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து அதை வாங்கி, படித்துப் படித்து உயிர் தரித்தவன். பிடித்து வைக்கப்படுவது என்றால் என்ன என்று அவனைவிட நன்றாகத் தெரிந்த ஆங்கிலேயன் அக்காலத்தில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கரைக்குத் திரும்பி வா என்ற கட்டளைக்குப் பணிந்த அதே குணம்தான் கம்பனிக்கும் பணிந்தது என்று தோன்றுகிறது. பழகிய குணத்துக்கு யார் கட்டளையிடுகிறார்கள் என்று பார்க்கத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரலில் வீடு வந்த பிள்ளைகளுக்கு எட்டு மாதம்தான் கிடைத்தது. வெருகல், வாகரைக் கரையைக் கடல் எடுத்தது. 2006-இல் மாவிலாற்று அணைக்கதவில் சண்டை மூண்டது, சனம் தெற்கே வாகரைக்கு ஓடியது, நவம்பரில் கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அகதிகள் மேல் ஷெல் விழுந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பக்கத்துச் சனம் முருகனுக்குக் காவடி எடுக்கிறது, தொழப் போகிறது, பூசைக்குப் போகிறது. அவர்களுடைய பணிதலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, மதிக்கத்தான் தெரியும். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் விளக்கு வைக்கிறார்கள். சாவு வீட்டு வாசலில் நின்று, எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்கிறவர்களைத்தான் எனக்குத் தாங்கமுடிவதில்லை. இழந்தவர் தானே அப்படிச் சொன்னால் அது விசுவாசம். வந்தவர் சொன்னால் அவசரம். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்பதன் வேறு வடிவம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

விவிலியத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு, நீதித்தலைவர்கள் 11-இல். போரில் வென்றால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுகிறேன் என்று இப்தா நேர்ந்தார். எதிரே வந்தது தம்பட்டத்தோடு ஆடிக்கொண்டு வந்த ஒரே மகள். கடவுள் அதைக் கேட்கவில்லை. தகப்பனாகவே வைத்த நேர்த்தி. மகள் மறுக்கவில்லை, தோழிகளோடு மலையில் அழுதுவிட்டு வர இரண்டு மாதம் தவணை கேட்டாள். வந்தாள். வானதூதர் வரவில்லை, ஆட்டுக்கடா இல்லை. இஸ்ரவேல் பெண்கள் வருடத்துக்கு நான்கு நாள் அவளுக்காக அழப் போவார்கள் என்று அதிகாரம் முடிகிறது. ஆபிரகாமின் கதைக்குத் திருச்சபை கொடுத்த இடத்தில் பத்தில் ஒன்றுகூட இதற்குக் கொடுக்கவில்லை. வெருகலில் இறந்தவர்களுக்காக ஏப்ரல் 10-இல் நினைவேந்தல் நடக்கிறது, கருணா அணியிலிருந்து உருவான கட்சி நடத்துகிறது. கட்சி நடத்துவதால் அந்தக் கட்சிக்காரருக்கு மட்டும் அது நினைவு. ஆற்றின் மற்றப் பக்கத்திலிருந்து வந்து செத்த வன்னிப் பிள்ளைகளின் தாய்மார் அங்கே வருவதில்லை.

2004-இல் ஏப்ரல் 10 பெரிய சனி. அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பு. திருவிழிப்புக்குக் குறித்திருக்கிற பழைய ஏற்பாட்டு வாசகங்களில் இரண்டாவது, ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனது. மூன்றாவது, எந்தப் பங்கிலும் விடக்கூடாதது, ஒரு சேனை தண்ணீரைக் கடக்க, பின்னால் வந்த சேனை தண்ணீரில் சாவது. மட்டக்களப்பில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஆற்றங்கரையிலிருந்து இன்னும் செய்தி வராமல் மெழுகுதிரியோடு பூசைக்கு வந்த தாய்மார் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று இந்த இரண்டையும் வாசிக்க வேண்டியிருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் சுவாமிமாரிடம் ஒரு வேண்டுகோள். நேரம் போகிறது என்று அந்த வாசகத்தின் குறுகிய வடிவத்தை எடுக்கிற வழக்கம் இருக்கிறது. அதில் முதலில் வெட்டுப்படுவது பையனின் கேள்வி: விறகு இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, ஆடு எங்கே அப்பா? நீண்ட வடிவத்தையே எடுங்கள், அந்தக் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மறையுரையில் ஆபிரகாமின் விசுவாசத்தைப் புகழ்ந்து முடித்த கையோடு, அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களையும் வாசித்துவிடுங்கள், சாரா எந்த ஊரில் செத்தாள் என்பதையும் சேர்த்து.